ஸ்கேன் மேடமும் கம்பியண்ணனும்

அந்தக் கண் மருத்துவமனைக்கு ஸ்கேன் எடுக்க ஒரு பெண் வந்திருக்கிறாள் என்ற பேச்சு காலை ஒன்பது மணிக்கே தரைத்தளம் முழுக்கப் பரவிவிட்டது. ஒன்பதரைக்குள் நான்கு நோயாளிகள் கையில் சீட்டோடு அவளைத் தேடி வந்துவிட்டார்கள். அவளோ காத்திருப்புக் கூடத்தின் கடைசி வரிசையில், தூணை ஒட்டிய நாற்காலியில், மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ரெண்டு கண்ணையும் எடுக்கணும்னு எழுதிக் குடுத்திருக்காங்கம்மா" என்று ஒரு பெரியவர் அவள் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, நான் எடுக்கிறது கண்ணு ஸ்கேன் இல்ல. இந்த ஆஸ்பத்திரியில இருக்கிற கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்குதே, அந்த நெட்வொர்க்க ஸ்கேன் பண்ண வந்திருக்கேன்."

"ஏன், அதுக்கும் கண்ணு தெரியலையா?"

"தெரியுதா இல்லையான்னுதான் பாக்கப் போறேன்."

"வயசானா எல்லாத்துக்கும் வர்றதுதாம்மா" என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் பெரியவர் நகர்ந்தார். அன்று முதல் அவள் ஸ்கேன் மேடம் ஆனாள்.

இதையெல்லாம் பதிவு மேசைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் கம்பியண்ணன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பதினான்கு வருடமாக அந்த மருத்துவமனையின் கணினிகளுக்கும் கேபிள்களுக்கும் அவர் ஒருவர்தான் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மூன்றாம் மாடிக்கு இணைப்பு இழுக்கப் பொய்க்கூரைக்குள் இடுப்பளவு நுழைந்து, பிறகு முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் ஒரு மணி நேரம் கால் ஆட்டிக்கொண்டு தொங்கினார். அன்றைக்கு விழுந்த பெயர் அது. அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. ஒருநாள் விடுப்பு எடுத்தால் "கம்பி நீட்டிட்டாரு" என்பார்கள். பிரிண்டர் ஏன் ஓடவில்லை என்று விளக்கம் சொன்னால் "கம்பி கட்டற கதையெல்லாம் வேணாம்ண்ணே" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் தன் வேலையைத் தனக்குத் தெரியாத ஒருத்தி வந்து கிளறிப் பார்ப்பது சிரிக்கிற விஷயமாக அவருக்குப் படவில்லை.

மேனேஜர் காரணம் சொல்லியிருந்தார். வெளியூரில் உள்ள ஒரு பெரிய கண் மருத்துவமனையோடு ஓர் ஏற்பாடு. இங்கே எடுக்கிற சிக்கலான படங்களை அவர்களுக்கு அனுப்பினால் அங்குள்ள நிபுணர்கள் பார்த்து யோசனை சொல்வார்கள். அதற்கு முன்னால், இங்குள்ள நெட்வொர்க் பத்திரமானதுதான் என்று வெளியாள் ஒருவர் தணிக்கை செய்து அறிக்கை தர வேண்டும். "அவ்வளவுதான் கம்பி. உன்ன யாரும் ஒண்ணும் சொல்லல" என்றார் மேனேஜர். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று ஒருவர் எடுத்துச் சொல்லும்போதுதான் யாரோ ஏதோ சொல்லியிருப்பது தெரியும்.

படிக்கட்டுக்கு அடியில் இருந்த சர்வர் அறைக்கு அவள் வந்தபோது பத்து மணி. முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் ஒரு பை, காலில் நடந்து தேய்ந்த செருப்பு. வந்ததும் ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"அண்ணா, இது மேனேஜர் கையெழுத்துப் போட்ட அனுமதி. எதையெல்லாம் நான் ஸ்கேன் பண்ணலாம், எதத் தொடக் கூடாதுன்னு இதுல இருக்கு. ஆபரேஷன் தியேட்டர் மெஷின் பக்கம் போகவே மாட்டேன். நீங்களும் ஒரு தடவ படிச்சிப் பாத்துடுங்க."

கம்பியண்ணன் காகிதத்தைக் கையில் வாங்கி, படிப்பது போல ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உண்மையில் எழுத்துகளின் நடுவில் ஒரு கறை மிதந்துகொண்டிருந்தது. ஆறு மாதமாக இடது கண்ணில் இப்படித்தான். ஈ பறப்பது போல ஒரு புள்ளி, பிறகு இரண்டு, பிறகு புகை போல ஒரு திட்டு. வீட்டில் சாப்பிடும்போது கையை வீசி இல்லாத ஈயை விரட்டுவார். "எங்கங்க ஈ?" என்று மனைவி கேட்டால், "இப்பத்தான் போச்சு" என்பார். கண் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டு கண்ணை டாக்டரிடம் காட்டாமல் இருப்பது கேலிக்கூத்து என்று அவருக்கும் தெரியும். ஆனால் கண் போச்சு என்றால் வேலை போச்சு. நூல் அளவு கம்பிகளில் எட்டு நிறங்களைப் பிரித்துப் பார்க்கிற வேலை. காட்டாத வரைக்கும் ஒன்றும் இல்லை என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"என்ன சாஃப்ட்வேர் வச்சிப் பாப்பீங்க?" என்றார், பேச்சை மாற்ற.

"நெட்வொர்க்ல என்னென்ன இருக்குன்னு தேடறதுக்கு என்மேப். யாரு யாரோட பேசறாங்கன்னு பாக்கறதுக்கு வயர்ஷார்க். எல்லாம் இலவசம்தான். நீங்களும் எறக்கிக்கலாம்."

"இலவசமா?" கம்பியண்ணனுக்கு முதல்முறையாக உற்சாகம் வந்தது. "இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரிய இலவசமா கெடைக்கிறத வச்சா அளக்கப் போறீங்க?"

"இலவசங்கிறது ரெண்டாவதுண்ணா. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு வேணா தொறந்து பாக்கலாம், அதுதான் முக்கியம். சமையல்கட்டுக் கதவத் தொறந்து வச்சிட்டுச் சமைக்கிற மாதிரி. உப்பு போட்டாங்களா, வேற எதையாவது போட்டாங்களான்னு ஊரே எட்டிப் பாக்குது. மூடி வச்சிச் சமைக்கிறவங்கள விட எனக்கு இவங்க மேல நம்பிக்கை ஜாஸ்தி."

கம்பியண்ணன் தன் கணக்கு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "டீ சொல்லவா?" என்றார்.

டீ வருவதற்குள் அவள் முதல் கேள்வியைக் கேட்டாள். "மொத்தம் எத்தனை கருவி இருக்குண்ணா உங்க நெட்வொர்க்ல?"

"எண்பத்தாறு." நோட்டைத் திறக்காமலே சொன்னார். அதில் அவருக்குப் பெருமை.

அவள் ஒரு வரி தட்டினாள். திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. டீயில் ஆடை படிந்து, அதை அவர் ஊதி ஒதுக்கி, கடைசி மடக்கும் குடித்து முடித்த நேரத்தில் ஓட்டம் நின்றது.

"நூத்திப் பத்தொன்பது" என்றாள்.

"இருக்காது."

"மெஷினு பொய் சொல்லாதுண்ணா. நானும் சொல்ல மாட்டேன். வாங்க, மிச்ச முப்பத்தி மூணையும் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

அன்று முழுக்க இருவரும் மாடி மாடியாக ஏறி இறங்கினார்கள். கேண்டீன் டிவி அகப்பட்டது. காத்திருப்புக் கூடத்து மீன் தொட்டியில் வேளாவேளைக்குத் தீனி போடும் டப்பாவும் நெட்வொர்க்கில் இருந்தது. யார் சேர்த்தார்கள் என்று மீன்களுக்குத்தான் தெரியும். இரண்டாம் மாடி ஸ்டோரில் பழைய திரைச்சீலை மூட்டைக்கு அடியில் ஒரு பிரிண்டர் நான்கு வருடமாக எரிந்துகொண்டே இருந்தது. தொட்டுப் பார்த்தவள், "பாவம், காய்ச்சலே வந்திருக்கு" என்றாள். குளியலறை வென்டிலேட்டர் வழியாக ஒரு கேபிள் போவதைப் பார்த்துவிட்டு அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அது... அன்னைக்கு வேற வழி இல்ல" என்றார் அசடு வழிய.

"தண்ணி படாம வளைச்சி விட்டிருக்கீங்களே, அதப் பாத்தேன். நல்ல கைவேலை."

அந்த ஒரு சொல்லில் அவருக்குப் பாதி கோபம் இறங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் முப்பத்தி மூன்றில் முப்பத்தி இரண்டுக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. எட்டு இடங்களில் கடவுச்சொல், பெட்டியில் அச்சடித்து வந்ததே அப்படியே இருந்தது. கம்பியண்ணன் உட்கார்ந்து எட்டையும் மாற்றினார். மாற்றும்போது, இந்த வேலையை இப்படிச் சேர்ந்து செய்வதில் ஒரு சந்தோஷம் இருப்பதை அவரால் மறைக்க முடியவில்லை.

மறுநாள் காலை பதினொன்றரை மணிக்கு அவள் சர்வர் அறைக்குள் ஓடி வந்தாள்.

"அண்ணா, அந்த மிச்சம் ஒண்ணு இருக்கே. அது நடக்குது!"

"எது நடக்குது?"

"நோயாளிங்களோட கூட வர்றவங்களுக்குன்னு கடவுச்சொல் இல்லாத வைஃபை ஒண்ணு விட்டிருக்கீங்கல்ல, அதுலதான் இருக்கு. பத்து மணிக்குத் தரைத்தளத்து ஆன்டெனா பக்கம் இருந்துச்சு. பத்தே முக்காலுக்கு மூணாவது மாடி. இப்ப கீழ சலவைக்கூடம். நேத்தும் இதே மாதிரி சுத்தியிருக்கு."

கம்பியண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "யாராவது செல்போனா இருக்கும்."

"செல்போனு கதவத் தொறந்து வச்சிட்டு, உள்ள வந்து படம் பாருங்கன்னு கூப்பிடாதுண்ணா. இது ஒரு கேமரா. உள்ள இருக்கிற படங்களக் கூடத்துல உக்காந்திருக்கிற யாரு வேணா எடுக்கலாம். ஆஸ்பத்திரிக்குள்ள ஒரு கேமரா சுத்திக்கிட்டிருக்கு. யாரு, எங்க, என்ன படம் எடுக்கிறாங்கன்னு தெரியாது. இத அறிக்கையில எழுதிக்கலாம்னு விட முடியாது. இன்னைக்கே மேனேஜர்கிட்ட சொல்லியாகணும். மூணு மணிக்கு நேரம் கேட்டிருக்கேன்."

அவருக்குத் தெரியும், அது என்ன என்று. தெரியாதது, அது எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது என்பது மட்டும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், விழித்திரையைப் படம் எடுக்கிற கையடக்கக் கேமரா ஒன்றைப் பழையது என்று கழித்துக் கட்டினார்கள். மூன்றாம் மாடி பெரிய சிஸ்டர் அதைக் கழிவுக் குவியலிலிருந்து எடுத்துத் துடைத்து, ஒரு சின்னத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டார். "இங்க வேல பாக்கிறவங்களுக்குக் கண்ணக் காட்ட நேரமில்ல கம்பி. வரிசையில நின்னா வேல கெடும், வேலையப் பாத்தா வரிசை போயிடும். நானே அவங்க இருக்கிற எடத்துக்குப் போறேன்" என்றார். அன்று முதல் தன் ஓய்வு நேரத்தில் லிஃப்ட் ஓட்டுபவர், துணி வெளுப்பவர், காவலாளி என்று ஒவ்வொருவரையும் தேடிப் போய்ப் படம் எடுத்தார். முப்பது வருடம் விழித்திரைகளோடு வாழ்ந்த அம்மாள். கோளாறு இருந்தால் பார்த்த உடனே தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைக்காமல் விட மாட்டார். அந்தக் கேமராவை வைஃபையில் சேர்த்துக் கொடுத்தவர் கம்பியண்ணன்தான். பழைய மெஷின், கடவுச்சொல் கேட்கிற நெட்வொர்க் எதிலும் ஒட்டவில்லை. கேட்காததில் ஒட்டியது. ஒட்டியதே என்று விட்டுவிட்டார்.

வாயைத் திறந்தால் சிஸ்டர் மாட்டுவார். திறக்காவிட்டால், ரகசியக் கேமரா என்று மேனேஜர் போலீஸையே கூப்பிட்டாலும் கூப்பிடுவார். அப்புறம் நிஜமாகவே கம்பி எண்ண வேண்டியதுதான்.

"படத்த நான் தொறக்க மாட்டேன்" என்றாள் அவள், எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. "யாரோட அந்தரங்கமோ. ஆனா கோப்புப் பேருங்க மட்டும் பட்டியலா தெரியுது. அத வச்சி யாரோடதுன்னு கண்டுபிடிக்கலாம். நீங்க எல்லாரையும் தெரிஞ்சவர். கொஞ்சம் படிங்களேன்."

திரையை அவர் பக்கம் திருப்பினாள். கம்பியண்ணன் குனிந்தார். இடது பக்கம் புகை. தலையைச் சாய்த்து வலது கண்ணைக் கொண்டுபோனார். அதிலும் வரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறின.

"கண்ணாடிய மேல வச்சிட்டு வந்துட்டேன்" என்றார்.

அவள் அவரையே ஒரு கணம் பார்த்தாள். அவர் சட்டைப் பையில் கண்ணாடி செருகியிருந்தது. அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "சரி, நானே படிக்கிறேன்" என்று ஆரம்பித்தாள்.

"லிஃப்ட் பெரியவர், ரெண்டும் நல்லா இருக்கு. கேண்டீன் தங்கச்சி, வலது, கண்ணாடி மாத்தணும். வாசல் காவல், இடது, புரை ஆரம்பம், டாக்டர்கிட்ட காட்டியாச்சு. சலவை மூத்தவ, நலம். சலவை இளையவ, நலம், ஆனா ரொம்ப அழறா, யாராலன்னு கேக்கணும்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருண்ணா இது, கோப்புக்கு இப்படிப் பேரு வைக்கிறது? கடுதாசி எழுதற மாதிரி இருக்கு."

கம்பியண்ணனும் சிரிக்கத்தான் போனார். அதற்குள் அவள் அடுத்ததைப் படித்தாள்.

"கம்பி, இடது, ரத்தம் கசியுது, சர்க்கரை, உடனே போகச் சொன்னேன். கம்பி, இடது, ரெண்டாவது தடவ சொன்னேன். கம்பி, இடது, மூணாவது தடவ, தலையாட்டறான். கம்பி, ரெண்டு கண்ணும், நாலாவது தடவ..." குரல் இறங்கியது. "கேக்க மாட்டேங்கிறான், கடவுளே."

தன் பெயரைத் திரையில் இருந்து இன்னொருத்தர் படிக்கக் கேட்பது, ஊர்க் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது அவருக்கு. ஓடி ஒளிய அந்த அறையில் இடமும் இல்லை.

"நீங்கதானேண்ணா?" என்றாள் மெதுவாக.

"இந்த ஆஸ்பத்திரியில வேற கம்பி ஏது?" என்றார். பிறகு மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் சொன்னார். கேமரா எங்கிருந்து வந்தது, யார் சேர்த்துக் கொடுத்தது, ஏன் திறந்து கிடக்கிறது, தன் கண்ணில் எத்தனை மாதமாக என்ன பறக்கிறது, எல்லாம். சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. "சிஸ்டர எழுதாதம்மா. தப்பு என்னோடது. ஒட்டுச்சேன்னு விட்டது நான்தான்."

"கண்டத எழுதாம இருக்க முடியாதுண்ணா. எழுதலைன்னா நான் வந்ததுக்கு அர்த்தமே இல்ல." ஒரு நொடி நிறுத்தினாள். "ஆனா எங்க அறிக்கையில ஆள் பேரு வராது. கதவு தொறந்திருந்துச்சு, இப்படிச் சாத்தணும்னு வரும். யார் தொறந்தாங்கன்னு வராது. ஆளத் திட்டறதுக்கு அறிக்கை இல்ல, கதவச் சாத்தறதுக்குத்தான். மேனேஜர்கிட்ட வாயால சொல்றது உங்க இஷ்டம்."

"நானே சொல்றேன்."

"இன்னொண்ணும் இருக்கு."

"தெரியும். கண்ணு."

"நாலு தடவ சொல்லியிருக்காங்க. அஞ்சாவது நான் சொல்றேன். எனக்கும் அண்ணன் மாதிரிதான் நீங்க. இப்ப முதல்ல அந்தக் கேமராவ நிறுத்தலாம், வாங்க."

சலவைக்கூடத்தில் நீராவியும் சோப்பு வாசனையும் நிறைந்திருந்தன. வெள்ளைப் படுக்கை விரிப்புகள் மலை போலக் குவிந்து கிடந்தன. இஸ்திரி போடும் பெண்ணை ஒரு முக்காலியில் உட்கார வைத்து, பெரிய சிஸ்டர் கேமராவை அவள் கண்ணுக்குக் கிட்டே பிடித்திருந்தார். "சிமிட்டாதடி. சிமிட்டினா படத்துல இமைதான் விழும்."

கம்பியண்ணன் விஷயத்தைச் சொன்னதும் சிஸ்டர் கேமராவைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"யாரு வேணா பாக்கலாமா? எல்லார் கண்ணையுமா? நான் எழுதினதையுமா?"

"பாத்தவங்க யாரும் இருக்கிற மாதிரி தெரியல சிஸ்டர்" என்றாள் ஸ்கேன் மேடம். "ஆனா பாக்க முடியும். அதான் ஆபத்து."

சிஸ்டர் உடனே சுவிட்சை அணைத்தார். அணைத்துவிட்டுக் கம்பியண்ணன் பக்கம் திரும்பினார். "மூணு மணிக்கு நான்தான் போய்ச் சொல்லப் போறேன். எடுத்தது நான்."

"சேத்தது நான் சிஸ்டர்."

"வயசுல மூத்தவ நான் சொல்றேன், நீ சும்மா இரு."

"அதெல்லாம் முடியாது."

"உங்க சண்டைய மேல போய் வச்சிக்குங்க, எனக்கு இன்னொரு கண்ணு பாக்கியிருக்கு" என்றாள் முக்காலியில் இருந்த பெண்.

மூன்று மணிக்கு மேனேஜர் அறைக்குள் மூன்று பேரும் போனார்கள். அங்கே பெரிய டாக்டரம்மாவும் இருந்தார். மருத்துவமனையின் தலைமை மருத்துவர். குள்ளமான உருவம், ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேச மாட்டார் என்று பெயர். ஸ்கேன் மேடம், "ஒரு கேமரா..." என்று ஆரம்பித்ததுமே மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ரகசியக் கேமராவா! யாரு வச்சது? எங்க வச்சிருக்கான்? என் ரூம்லயும் இருக்கா?" சுவர்க் கடிகாரத்தைச் சந்தேகத்தோடு அண்ணாந்து பார்த்தார்.

"நான்தான் சார்" என்று கம்பியண்ணனும் சிஸ்டரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மேனேஜர் தொப்பென்று உட்கார்ந்தார். விஷயம் முழுக்கத் தெரிந்த பிறகும் அவர் கோபம் தீரவில்லை. கழித்த மெஷினை எடுத்தது தப்பு, கேட்காமல் பயன்படுத்தியது தப்பு, அதைக் கதவில்லாத வைஃபையில் விட்டது தப்பிலும் தப்பு என்று விரல் விட்டு எண்ணினார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

நான்காவது விரலை மேனேஜர் மடக்குவதற்குள் டாக்டரம்மா பேசினார்.

"சிஸ்டர், இதுவரைக்கும் எத்தனை பேரப் பாத்தீங்க?"

"நூத்தி முப்பத்தாறு பேரு டாக்டர்."

"கோளாறு?"

"பத்தொன்பது பேருக்கு. பதினெட்டுப் பேர இழுத்துட்டு வந்து உங்க ஆளுங்ககிட்ட காட்டிட்டேன்."

"ஓ. அவங்கெல்லாம் நீங்க அனுப்பினவங்களா. எப்படி நோய் முத்தாம இவ்ளோ சீக்கிரமா வந்தாங்கன்னு நெனச்சேன்." டாக்டரம்மா மேசையை ஒரு விரலால் தட்டினார். "பத்தொன்பதாவது?"

சிஸ்டர் பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஆனால் அந்த மௌனம் ஆள்காட்டி விரலை விட மோசமாக இருந்தது. கம்பியண்ணன் ஒரு தரம் தொண்டையைக் கனைத்தார்.

"நான்தான் டாக்டர். ஆறு மாசமா இடது கண்ணு சரியில்ல. இப்ப வலதும். வேல போயிடுமோன்னு சொல்லல."

மேனேஜருக்கு மடக்கிய விரல் மடக்கியபடியே நின்றது. "ஏய், யாரு உன் வேலையத் தூக்கறதுன்னு சொன்னா? நீ இல்லாம எந்தக் கம்பி எங்க போகுதுன்னு இங்க எவனுக்குத் தெரியும்?"

"அதான் சார் பிரச்சினையே" என்றாள் ஸ்கேன் மேடம். "அதையும் அறிக்கையில எழுதியிருக்கேன். எல்லாத்தையும் வரைபடமா போட்டு வைக்கணும்னு."

டாக்டரம்மா எழுந்துவிட்டார். "வாங்க."

"டாக்டர், மீட்டிங் இன்னும் முடியல" என்றார் மேனேஜர்.

"நீங்க முடிங்க. இவரு என்கூட வர்றாரு" என்று சொல்லிவிட்டு, சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை அழைத்துக்கொண்டு போனார். பதினான்கு வருடமாக அந்த அறையின் கணினியைப் பழுது பார்க்கப் போனவர், முதல்முறையாக நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தார். மோவாயை வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தார். வெளிச்சத்தில் கண் கூசியது. டாக்டரம்மா கண்ணில் மருந்து விட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா இடது போயிருக்கும்" என்றார். "இப்ப லேசர் வச்சா நிக்கும். சர்க்கரையக் கட்டுப்படுத்தணும். இனிமே டீல சீனி கெடையாது."

"வேல?"

"நல்லா பாக்கலாம். முன்ன விட நல்லாவே பாக்கலாம்."

கம்பியண்ணனுக்கு அழுகை வந்தது. மருந்து விட்ட கண்ணில் அழுகை எது மருந்து எது என்று யாருக்கும் தெரியாது என்பதால் தைரியமாக அழுதார்.

அடுத்த நாட்களில் வேலைகள் வரிசையாக நடந்தன. ஸ்கேன் மேடம் சொன்னபடி, கேமராவுக்கென்று தனியாக ஒரு சின்ன நெட்வொர்க் பிரித்துக் கொடுத்தார் கம்பியண்ணன். பழைய மெஷினால் படம் பார்க்க வருகிறவர்களிடம் கடவுச்சொல் கேட்க முடியாததால், அதைத் தள்ளுவண்டியிலேயே ஒரு குட்டிப் பெட்டியோடு கேபிளால் இணைத்து, கேட்க வேண்டியதை அந்தப் பெட்டி கேட்கும்படி செய்தார்கள். கூடத்து வைஃபையில் ஒருவர் கருவி இன்னொருவருக்குத் தெரியாதபடி அடைத்தார்கள். கோப்புப் பெயர்களில் வெறும் எண்கள் மட்டும் வர வேண்டும் என்று முடிவானது. சிஸ்டருக்குத்தான் அதில் வருத்தம். "எண்ணத் திட்ட முடியாதே" என்றார். திட்டுவதற்கென்று தனியாக ஒரு நோட்டுப் போட்டு, அதைப் பூட்டி வைத்துக்கொண்டார். புதன்கிழமைகளில் காலை இரண்டு மணி நேரம், வேலை செய்பவர்களுக்கான கண் பரிசோதனை என்று மேனேஜரே அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். முதல் புதன் அன்று வரிசையில் முதல் ஆளாக நின்றவரும் அவர்தான். அவருக்கு வாசிக்கும் கண்ணாடி தேவைப்பட்டது. "எனக்கா? எனக்கெதுக்கு?" என்று கேட்டுவிட்டு, போட்டுப் பார்த்து, தான் ஒட்டிய அறிவிப்பையே முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார்.

வெளியூர் மருத்துவமனை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. ஸ்கேன் மேடம் கிளம்புகிற அன்று தன் கருவிகளைக் கம்பியண்ணனின் கணினியில் நிறுவிக் கொடுத்து, மாதம் ஒருமுறை அவரே எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதியும் வைத்தாள். பெரிய எழுத்தில்.

"இந்த எழுத்து போதுமாண்ணா?"

"கொஞ்சம் சின்னதாவே எழுதியிருக்கலாம். இப்பத்தான் தெரியுதே" என்றார் அவர் மிடுக்காக.

"இருக்கட்டும். அடுத்த மாசம் ஒரு ஸ்கூல்ல தணிக்கை இருக்கு. எட்டுக் கட்டடம். கேபிள் எங்க ஒளிஞ்சிருக்குன்னு மோப்பம் பிடிக்க ஒரு ஆள் வேணும். மேனேஜர்கிட்ட லீவு கேட்டு வர்றீங்களா?"

"பொய்க்கூரை இருக்கா?"

"நாலு கட்டடத்துல."

"அப்ப ஏணிய நான் பிடிச்சிக்கிறேன், நீ ஏறு" என்றார்.

லேசரின் இரண்டாவது தவணைக்கு மனைவியும் கூட வந்தாள். கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் வெளியே வந்தபோது வாசலில் நின்ற வண்டிகள், மரங்கள், ஆட்கள் எல்லாம் அவருக்கு வெளிச்சத்தில் கரைந்து வழிந்தன. மதிய வெயில் வேறு. படிகளில் இறங்க அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் கூட வீதியில் இப்படிக் கைபிடித்து நடந்ததில்லை. பதிவு மேசைப் பெண்கள் கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து பார்த்துச் சிரித்தார்கள்.

"எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் அவள்.

"பாக்கட்டும். எனக்குத்தான் யாரும் தெரியலையே."

"நானாவது தெரியறேனா? எத்தனையா தெரியறேன்?"

கம்பியண்ணன் நின்று, கண்ணைச் சுருக்கி, அவள் முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டா தெரியற. சமாளிச்சிடுவேன், நட" என்றார்.

"சமாளிக்கிற ஆளப் பாரு" என்று அவர் தோளில் ஒன்று வைத்துவிட்டு, அவள் அவரை வண்டி நிற்கும் பக்கம் நடத்திக்கொண்டு போனாள்.